குரூப்பைப் பூட்டிய செகரட்டரி

அப்பார்ட்மெண்ட் செகரட்டரி வேலைக்கு யாரும் மனுப் போடுவதில்லை. மீட்டிங்கில் நாம் அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் தலையில் கட்டிவிடுவார்கள். எனக்கும் அப்படித்தான் கட்டினார்கள். நீங்களும் செகரட்டரியாக இருந்து தொலைத்தவரென்றால், இதையெல்லாம் படித்து ஒரு பெருமூச்சு விடுங்கள்.

தேர்தல் வந்தது

சேலையூரில் எங்கள் கட்டிடம். மேல் மாடியில் வெங்கடேசன் சார், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு எதிர் வீட்டில் வாடகைக்கு இருந்தவர் பஷீர் பாய். பல்லாவரத்தில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். காலையில் இருவரும் ஒன்றாக வாக்கிங் போவார்கள். திரும்பி வந்து தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு, டேங்க் நிரம்பும்வரை கீழே இரண்டு பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார்கள். கல்யாணமான தம்பதிகூட அவ்வளவு பேசிப் பார்த்ததில்லை நான்.

தேர்தல் வந்ததும் எங்கள் வாட்ஸ்அப் குரூப் மீன் மார்க்கெட் ஆகிவிட்டது. ஒருநாள் விடிகாலையில் வெங்கடேசன் சார் ஒரு ஃபார்வர்டு போட்டார். பாயின் சமூகத்தைப் பற்றிக் கேவலமாக எழுதியிருந்த செய்தி. பாய் ‘சரிங்க சார்’ என்று மட்டும் பதில் போட்டார். அன்றோடு வாக்கிங் நின்றது. அதை வைத்து மற்றவர்கள் இரண்டு கோஷ்டியாகப் பிரிந்து அடித்துக்கொள்ள, எனக்கு வந்தது பாருங்கள் ஒரு கோபம்! அட்மினான என்னைத் தவிர யாரும் எழுத முடியாதபடி குரூப்பைப் பூட்டிவிட்டேன். எதையாவது போட வேண்டுமென்றால் என் வீட்டுக்கு வந்து சொல்லுங்கள், நியாயமாக இருந்தால் போடுகிறேன் என்றேன். கீழ் வீட்டு மாலதி பதறிப்போய் ஓடி வந்தாள்.

“இனிமே தண்ணி வரலைன்னா நாங்க யார்கிட்டக்கா கத்துறது?”

சோபாவில் கூட்டணி

வர ஆரம்பித்தார்கள். இட்லி மாவு விற்க ஒருத்தி, காது குத்துக்கு அழைக்க ஒருவர், லிஃப்டில் பல்லி என்று சொல்ல ஒருவர். வந்தவர்களை நிற்க வைத்தா அனுப்ப முடியும்? காபி போட்டுப் போட்டு என் கை ஓய்ந்தது.

குரூப்பில் மாலதியோடு குடுமிப்பிடிச் சண்டை போட்டவர் குமார். ஒரு சாயங்காலம் அவர் தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தார். பக்கத்தில், முன்பே வந்து காபி குடித்துக்கொண்டிருந்த மாலதி. ‘ப்ளஸ் டூ பசங்களுக்கு டியூஷன் எடுக்கிறேன்னு போடுங்க மேடம்’ என்றார். ஐ.டி. வேலைக்காரருக்கு டியூஷன் எதற்கு என்று கேட்டேன். கம்பெனியில் ஆள் குறைப்பில் இவரையும் அனுப்பிவிட்டார்களாம். தினமும் ஆபீஸ் போவதுபோலப் பையை மாட்டிக்கொண்டு தாம்பரம் ஸ்டேஷன் பெஞ்சில் போய் உட்கார்ந்திருக்கிறார், பாவம். மாலதி காபி டம்ளரை வைத்துவிட்டு, தன் பையனை நாளைக்கே அனுப்புவதாகச் சொன்னாள். அடுத்த வீட்டுப் பெண்ணையும் டியூஷனுக்குப் பிடித்துத் தந்தாள். அவர்கள் போன பிறகு பாத்திரம் தேய்த்துக்கொண்டே என் கணவர் சொன்னது:

“குரூப்பைப் பூட்டிட்டு நம்ம வீட்டைத் தொறந்து விட்டுட்டியேடி!”

அருவி

வராதவர்கள் இரண்டே பேர், சாரும் பாயும். மோட்டார் கடமையை மட்டும் இருவரும் விடவில்லை. சார் முதலில் வந்து சுவிட்சைப் போடுவார். பாயைப் பார்த்துவிடக் கூடாதென்று, அணைப்பதை அவரிடமே விட்டுவிட்டு உடனே மேலே போய்விடுவார். பிறகு பாய் வருவார். மோட்டார் ஓடுகிறது, சார் இங்கேதான் எங்கோ இருப்பார், நிறுத்திக்கொள்வார் என்று அவரும் நழுவிவிடுவார். டேங்க் வழிந்து மாடிப்படியெல்லாம் தண்ணீர். துடைப்பத்தோடு வந்த வாட்ச்மேன் முருகன் என்னைப் பார்த்துக் கத்தினான்.

“அவங்க பேசிகினு இருந்தப்போ ஒரு சொட்டு வீணாவலக்கா. இப்ப இன்னா, குத்தாலம் மாரி கொட்டுது!”

எதிர் வீட்டுக் கதவு

ஒருநாள் பாய் என் வாசலில் வந்து நின்றார். வெளிநாட்டு ஆர்டர்கள் நின்றுபோய்ப் பட்டறையைப் பாதியாகக் குறைத்துவிட்டாராம். இங்கே வாடகை கட்டுப்படியாகவில்லை, மாதக் கடைசியில் கூடுவாஞ்சேரிக்குப் போகிறோம், எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள் என்றார். ‘பஷீர் பாய் குடும்பம் வீடு மாறுகிறது’ என்று போட்டேன்.

காபி ஆறுவதற்குள் வெங்கடேசன் சார் பனியனோடு வந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. “என்னாலதானேம்மா போறார்? சத்தியமா அதை நான் முழுசாப் படிக்கவே இல்லை. வழக்கம்போலத் தட்டிவிட்டேன். மன்னிப்புக் கேட்டதா குரூப்ல போடும்மா.”

“இதை நான் போட மாட்டேன் சார்” என்றேன். “உங்க எதிர் வீட்டுக்குப் போக நாலடிகூட இல்ல. போய்ச் சொல்லுங்க.”

போனார். விடவில்லை நான், பின்னாலேயே ஏறினேன். பாய் கதவைத் திறந்தார். பாடம் நடத்தியே பழகிய மனுஷன், பாயின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். பாய்க்கும் கண் கலங்கிவிட்டது.

“வலிச்சுது சார், இல்லேன்னு சொல்லல. ஆனா போறது வாடகைக்காக. உங்க மேல கோவம்னா போவேனா? எதிர்லயே உக்காந்து முறைச்சுக்கினு இருந்திருப்பேன்.”

ஞாயிற்றுக்கிழமை

பாய் போய்விட்டார். சாமான் ஏற்றும் அன்று இரண்டு கோஷ்டியும் வந்து பீரோ தூக்கின. வெங்கடேசன் சார் எதையும் தூக்காமல் எல்லாரையும் அதட்டிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் முழுக்க அவர் தனியாக மோட்டார் போட்டதைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஞாயிறு காலை கீழே பேச்சுச் சத்தம். எட்டிப் பார்த்தால் இரண்டு சேர், இரண்டு பேர், ஒரு பேப்பர். கூடுவாஞ்சேரியிலிருந்து ரயிலேறி வந்துவிட்டார் பாய். சார் என்னை நிமிர்ந்து பார்த்து ஆர்டர் போட்டார்.

“குரூப்ல போடும்மா, ஞாயித்துக்கெழமை பாய் வந்தப்புறம்தான் மோட்டார். யாருக்காவது அவசரம்னா சனிக்கெழமையே குளிச்சுக்கட்டும்!”

குரூப்பை நான் இன்னும் திறக்கவில்லை. ஏன் என்று கேட்பவர்கள் நேரில் வரட்டும், வரும்போது காபிப்பொடி மட்டும் கொண்டு வரட்டும்.