சவுரிமுத்துவுக்கு ஒட்டிய போஸ்டர்

சுப்ரஜா பொல்லாத பெண் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் வருவதைக் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு காலனியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா ஸ்ரீநிவாசராகவனுக்கு பாங்கில் வேலை, அம்மா ஸ்ரீவித்யா கணக்கு டீச்சர். ப்ளஸ் டூவில் அத்தனை மார்க் வாங்கிவிட்டு, இன்ஜினியரிங் வேண்டாம், விஸ்காம்தான் படிப்பேன் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து சாதித்தவள். தெருநாய்க்குக் கால் ஒடிந்தால்கூட ஆட்டோ வைத்து டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போவாள். அப்பேர்ப்பட்டவள்தான் இதையும் செய்தாள்.

மூன்றாம் வருஷம் முடிய ஒரு குறும்படம் எடுத்துக் காட்ட வேண்டும் என்பது அவர்கள் டிபார்ட்மென்டில் விதி. சுப்ரஜாவின் கதை சின்னது. வீட்டோடு சண்டை போட்டுக்கொண்டு போன மகன் பல வருஷம் கழித்துத் திரும்புகிறான். தெருமுனைச் சுவரில் அப்பாவின் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்க்கிறான். அவ்வளவுதான் படம். பன்னிரண்டு நிமிஷம். கேட்பதற்கு என்னவோ சுலபமாகத்தான் இருக்கிறது.

எடுக்கப் போனால் பட்ட காலிலே படும் என்பார்களே, அந்தக் கதையாகிவிட்டது. மகனாக நடிக்க வந்த பையன் இரண்டாம் நாளே அரியர் பரீட்சை என்று கழன்றுகொண்டான். அந்த வேஷத்தை, போஸ்டர் டிசைன் முதல் டீ வாங்கி வருவது வரை எல்லாம் செய்துகொண்டிருந்த அனிருத் தலையில் கட்டினார்கள். வீடு தருகிறேன் என்ற புண்ணியவான் படத்தில் சாவு வருகிறது என்று கேள்விப்பட்டதும் கதவைச் சாத்திவிட்டார். போஸ்டரைப் பார்த்து அழும் அத்தையாக நடிக்க வந்த நாடகக்காரப் பெண்ணுக்கு எவ்வளவு கிளிசரின் விட்டாலும் கண் சிவந்ததே தவிர அழுகை வரவில்லை. அந்தக் காட்சியை ஏழு தடவை எடுத்து ஏழும் குப்பைக்குப் போயிற்று.

வீட்டுப் பிரச்சினையைத் தீர்த்தவன் கேமரா பிடித்த ஜோஷ்வா. அவன் வீடு பெரும்பாக்கம் குடியிருப்பில், நாலாவது மாடி. எங்க பிளாக்கிலேயே எடுத்துக்கலாம் என்றான். செத்துப்போன அப்பாவாகப் போட்டோவில் வருவதற்கு மேல்மாடி சவுரிமுத்துவையும் அவனே பிடித்துக்கொண்டு வந்தான்.

சவுரிமுத்துவுக்கு ஐம்பத்து நாலு வயது. திருமுடிவாக்கத்தில் ஒரு கம்பெனியில் கிரில் கேட்டுக்கு வெல்டிங் வைக்கிறவர். காலையில் இருட்டோடு கிளம்பி, தாம்பரத்தில் பஸ் மாறி, ராத்திரி வீடு வந்து சேருகிற மனிதர். சினிமா என்றால் உயிர். நடை இல்லை, வசனம் இல்லை, வெறும் போஸ்டரில் முகம்தான் என்று சுப்ரஜா தயங்கித் தயங்கிச் சொன்னபோது, அதனாலென்ன என்று சிரித்தார். கதைப்படி போஸ்டரில் வேறு பெயர் இருந்தது. அவர்தான் ஒன்று கேட்டார்.

"நம்ம பேரையே போட்ரு பாப்பா. எந்தக் காலத்துல நம்ம பேரு அச்சுல வரப்போவுது?"

சரியென்று அவர் பெயரையே போட்டார்கள். சிலுவை, பிறந்த தேதி, மறைந்த தேதி, கம்பெனி அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கிய முகம். ஆறு போஸ்டரை மைதாப் பசை காய்ச்சி பிளாக் வாசல் சுவரில் வரிசையாக ஒட்டினார்கள். பிளாக்கே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. சாயங்காலம் வெளிச்சம் போய்விட, அரக்கப்பரக்க மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். போஸ்டரைக் கிழிக்க வேண்டும் என்பது மூன்று பேருக்கும் தெரியும். அனிருத் கிழிப்பான் என்று ஜோஷ்வாவும், ஜோஷ்வா அங்கேயே குடியிருப்பவன்தானே என்று அனிருத்தும் இருந்துவிட்டார்கள். டைரக்டரம்மாவோ அதெல்லாம் நடந்திருக்கும் என்று இருந்துவிட்டாள். எல்லாரும் பல்லக்கில் ஏறினால் தூக்குவது யார்?

மூன்றாம் நாள் காலை, விட்டுப்போன இரண்டு ஷாட் எடுக்க சுப்ரஜா திரும்ப வந்தபோது ஆறும் சுவரிலேயே இருந்தன. நல்லதாகப் போயிற்று, மறுபடி ஒட்டுகிற வேலை மிச்சம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. ஜோஷ்வா கேமராவை நிறுத்தி போஸ்டரைக் குறி பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது ஓர் ஆட்டோ வந்து நின்றது. அறுபது வயது இருக்கும் ஓர் அம்மாள் கையில் பிளாஸ்டிக் பையோடு இறங்கினாள். பைக்குள் ரோஜா மாலை. சுவரைப் பார்த்தாள். நேரே சுவரடிக்குப் போய் உட்கார்ந்து, போஸ்டரில் முகத்தை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

அவள் ரோஸி, சவுரிமுத்துவின் அக்கா. பல்லாவரத்தில் இருக்கிறாள். ஒன்பது வருஷத்துக்கு முன் அவள் மகள் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் விட்டுப்போயிற்று. மறதியோ, மாப்பிள்ளை வீட்டார் செய்த வேலையோ, அது இன்றுவரை தெரியாது. தாய்மாமன் பெயர் இல்லாத பத்திரிகைக்கு நான் எதற்கு வர வேண்டும் என்று சவுரிமுத்து கல்யாணத்துக்குப் போகவில்லை. அன்றிலிருந்து அக்கா தம்பிக்குள் பேச்சு இல்லை. யாரோ அந்த வழியாகப் போனவர் போஸ்டரைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட, அது சுற்றிச் சுற்றி அவள் கைக்கு வந்திருக்கிறது.

இதெல்லாம் சுப்ரஜாவுக்குப் பின்னால் தெரிந்தது. பிளாக் ஜனங்களுக்கு ஒன்றும் தெரியாது. தண்ணீர்க் குடத்தோடு நின்ற பெண்கள், ஷூட்டிங்குக்குப் புது ஆர்ட்டிஸ்ட் வந்திருக்கிறது என்று நினைத்து, வழி விட்டு ஒதுங்கி நின்றார்கள். ஒருத்தி, என்னமா நடிக்குது பாரு என்று இன்னொருத்தியிடம் சொல்லிச் சிரித்தாள். ஜோஷ்வாவின் கை பழக்கத்தில் தானாகவே கேமராவை அந்தப் பக்கம் திருப்பியிருந்தது.

அந்த அம்மாள் 'தம்பீ' என்றாள். அந்த ஒரு சொல்லிலேயே சுப்ரஜாவுக்குப் புரிந்துவிட்டது. ஜோஷ்வாவுக்கும் புரிந்தது. அவன் திரும்பி சுப்ரஜாவைப் பார்த்து, கேமராவை இறக்கப் போனான். அவள் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். இறக்காதே என்று வாயால் சொல்லவில்லை, பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். ஏழு தடவை எடுத்தும் வராத காட்சி அவள் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது. கேமராவின் திரையில் வினாடி எண் ஓடியது. நாற்பது வந்ததும் கையை விட்டாள்.

பிறகு ஓடினாள். போய் அந்த அம்மாள் பக்கத்தில் மண்டிபோட்டு உட்கார்ந்து, அழாதீங்க ஆன்ட்டி, இது ஷூட்டிங், அண்ணா நல்லா இருக்காரு, வேலைக்குப் போயிருக்காரு என்று மூச்சு விடாமல் சொன்னாள். ரோஸியின் முகத்தில் ஒரு நிமிஷம் வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! உயிரோடு இருக்கிறானா, உயிரோடு இருக்கிறானா என்று இரண்டு தடவை கேட்டாள். அதற்கப்புறம்தான் கேமரா அவள் கண்ணில் பட்டது. குடத்தோடு நின்று சிரிக்கிற பெண்களும் பட்டார்கள். எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

"எத்தினி நேரமா பாத்துகினு கீற?"

"இப்பதான் வந்தேன் ஆன்ட்டி."

அது பொய் என்று அந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆறு போஸ்டரையும் நகத்தால் சுரண்டிக் கிழித்தாள். சுப்ரஜா உதவிக்கு வந்தபோது கையைத் தட்டிவிட்டாள். கிழித்து முடித்துவிட்டுச் சொன்னாள்:

"நான் வருவனா மாட்டனான்னு பாக்க நோட்டீஸ் ஒட்னானா? அவங்கிட்ட சொல்லிடு. அவன் சாவுக்கு நான் வந்துட்டேன். இனிமே வரமாட்டேன்."

அதே ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள். மாலைப் பை சுவரோரம் கிடந்தது.

சவுரிமுத்துவிடம் சுப்ரஜா போனில்தான் சொன்னாள். உங்க அக்கா வந்தாங்க, தப்பா நினைச்சுட்டாங்க, சொல்லிப் புரியவச்சுட்டோம் என்று பூசி மெழுகினாள். அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. அக்கா வந்துச்சா, எனக்காக வந்துச்சா என்று கேட்டுக் கேட்டு மாய்ந்தார். ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு பல்லாவரம் போனார். கதவு திறக்கவில்லை. உள்ளே ஆள் இருக்கிற சத்தம் கேட்டதாம். ஜன்னலில் ரோஸியின் மருமகன் எட்டிப் பார்த்து, அத்தை உங்க நாடகத்தை எல்லாம் பாத்துட்டாங்க, போங்க என்றிருக்கிறான்.

அதன்பின் அவர் சுப்ரஜாவைக் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். ஒரு நடை பல்லாவரம் வந்து, இது என் படம், அவருக்கு ஒன்றும் தெரியாது என்று அக்காவிடம் அவள் வாயால் சொல்ல வேண்டும். படித்த பெண் சொன்னால் அக்கா நம்பும் என்றார். மூன்று தடவை கேட்டார். எடிட்டிங் முடியட்டும் அண்ணா என்று ஒரு தடவை, வைவா இருக்கு அண்ணா என்று ஒரு தடவை, படம் போட்டு முடித்ததும் கண்டிப்பா வரேன் அண்ணா என்று மூன்றாவது தடவை. நேரம் இல்லாமலா? பெரும்பாக்கத்துக்கும் பல்லாவரத்துக்கும் கடலா இருக்கிறது? போனால் அந்த நாற்பது வினாடியைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும், சொன்னால் அந்த அம்மாள் அதை நீக்கு என்பாள், நீக்கினால் படத்தில் ஒன்றுமே இல்லை. இது சுப்ரஜாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே தள்ளிப்போட்டாள். ஜோஷ்வா இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு அவளோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டான்.

காலேஜ் ஆடிட்டோரியத்தில் படம் போட்டார்கள். அந்த நாற்பது வினாடி வந்தபோது சுப்ரஜா பின்னணியில் ஒற்றை வயலினை ஓடவிட்டிருந்தாள். அரங்கத்தில் ஓர் இருமல் இல்லை. முடிந்ததும் அப்படி ஒரு கைதட்டல். முதல் பரிசு அவளுக்குத்தான். நடுவராக வந்திருந்த எடிட்டர் மைக்கைப் பிடித்து, அந்த அம்மா யாரு, நடிச்ச மாதிரியே இல்லையே, எங்க பிடிச்சீங்க என்று கேட்டார்.

"லோக்கல் ஆர்ட்டிஸ்ட் சார்" என்றாள் சுப்ரஜா.

சொல்லி நிமிர்ந்தபோதுதான் கடைசி வரிசையில் சவுரிமுத்து நிற்பதைப் பார்த்தாள். அவள்தான் கூப்பிட்டிருந்தாள். கம்பெனிக்கு லீவு போட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். அவர் கை தட்டவில்லை. சுப்ரஜாவுக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. மேடையில் கொடுத்த கேடயத்தைக் குனிந்த தலை நிமிராமல் வாங்கினாள். அடக்கத்தில் குனிகிறாள் என்று பக்கத்தில் நின்ற புரொபசர் முதுகில் தட்டிக்கொடுத்தார். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது அவளுக்கு.

வண்டி நிறுத்துமிடத்தில் அவர் காத்திருந்தார். கேடயத்தை அனிருத்திடம் கொடுத்துவிட்டுத் தனியாகப் போனாள். அங்கே போய் நின்றதும், ஒத்திகை பார்த்து வைத்திருந்த எதுவும் வரவில்லை. நான் அப்பவே ஓடியிருக்கணும் அண்ணா, தெரிஞ்சும் நின்னுட்டேன், ஷாட்டுக்காக நின்னுட்டேன் என்று சொல்லி அழுதாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

அவர் திட்டவில்லை. வேறு ஒன்று கேட்டார்.

"மூஞ்சி தெரிஞ்சுது, வாய் அசையறது தெரிஞ்சுது, நீ மியூசிக் போட்டுட்ட. நான் அன்னிக்கு கம்பெனில இருந்தேன் பாப்பா. அக்கா இன்னா சொல்லி அழுதுச்சுன்னு ஒருவாட்டி போட்டுக் காட்டு. போதும்."

அந்தச் சத்தம் இல்லை. குக்கர் விசில், குடத்துப் பெண்களின் சிரிப்பு, ஆட்டோ இன்ஜின் எல்லாம் கலந்து கிடக்கிறது என்று எடிட்டிங்கில் அதை நீக்கிவிட்டாள். படம் முடிந்ததும் ஹார்ட் டிஸ்கில் இடம் போதாமல் மூலத்தையும் அழித்தாயிற்று. வாடகை கேமராவின் கார்டும் என்றோ துடைக்கப்பட்டுவிட்டது. இதையெல்லாம் ஒவ்வொன்றாக அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"சரி, வுடு. நீ பக்கத்துலதான நின்னுகினு இருந்த. காதுல வுழுந்துருக்கும் இல்ல. நீயே சொல்லு."

சுப்ரஜா யோசித்தாள். அந்த அம்மாளின் கண்ணாடி வளையல் ஞாபகம் இருந்தது. இடது கன்னத்தில் விழுந்த வெயில் ஞாபகம் இருந்தது. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது என்று எண் ஓடியது ஞாபகம் இருந்தது. 'தம்பீ'க்கு அப்புறம் ஒரு வார்த்தைகூட இல்லை. அதற்குள் அவள் நாக்கில் ஒரு வசனம் வந்து நின்றது, அக்கா தம்பியிடம் சொல்கிற மாதிரி, கேட்டால் யாருக்கும் கண் கலங்குகிற மாதிரி. சொன்னால் நம்பிவிடுவார். அப்படி ஒன்று தனக்கு வந்ததை நினைத்தபோது, அன்றைக்குப் பட்ட அத்தனை வெட்கத்தையும்விட அது பெரிய வெட்கமாக இருந்தது.

"நான் கேக்கலண்ணா" என்றாள்.

சவுரிமுத்து அவள் வாயைப் பார்த்தார். பிறகு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"பரவால்ல பாப்பா. உனக்கு அங்க வேல இருந்துச்சு" என்றார்.