எழுந்துகொள்ளாத இரண்டாவது கோர்

2009-ஆம் வருஷம். ஐ.டி. கம்பெனிகள் ஆட்களைக் கொத்துக் கொத்தாக வீட்டுக்கு அனுப்பிய நேரம். என்னையும் அனுப்பிவிட்டார்கள். செங்கல்பட்டு வீட்டில், பேப்பரை ஒரு வரி விடாமல் படித்து முடித்துவிட்டு, ஒலிக்காத செல்போனை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஒரு சனிக்கிழமை காலை அது ஒலித்தது. பழைய ஆபீஸில் என் டீமில் இருந்த பெண், நெம்மேலிக்காரி. எடுத்ததுமே அழுகை.

"அண்ணா, மகாபலிபுரத்துல ஓட்டல்ல டெமோண்ணா. கிளையன்ட் மத்தியானம் வந்துடுவாங்க. போர்டுல ரெண்டாவது கோர் எழுந்துக்கவே மாட்டேங்குது. நேத்து ஆபீஸ்ல நல்லாத்தான் ஓடிச்சு. இன்னிக்கு ஓடலன்னா என்னையும் அனுப்பிடுவாங்கண்ணா. வூட்ல என் சம்பளம் ஒண்ணுதான்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கழுத்தைப் பிடித்துத் தள்ளிய கம்பெனிக்கு நான் போய்க் கை கொடுக்கணுமா? வேலை போனதிலிருந்து அங்கிருந்து ஒரு ஜென்மம்கூட எனக்குப் போன் செய்ததில்லை. "பாக்குறேன்" என்று வைத்துவிட்டேன்.

கேட்டுக்கொண்டிருந்த மனைவி விடவில்லை. "உங்கள அனுப்புனவன் மேல கோவம்னா அவன்கிட்ட காட்டுங்க. அந்தப் பொண்ணு இன்னா பண்ணுச்சு, பாவம்? கிளம்புங்க!"

முணுமுணுத்துக்கொண்டே பைக்கை எடுத்து, திருக்கழுக்குன்றம் வழியாகப் போய்ச் சேர்ந்தேன்.

நோயாளியின் இதயத்துடிப்பைத் திரையில் காட்டும் கருவி அது. அதன் உள்ளே இருக்கும் போர்டில், ஒரே சிப்பில் இரண்டு மூளைகள், கோர் என்போம். கரண்ட் வந்ததும் முதல் கோர் மட்டும்தான் வேலையைத் தொடங்கும். இரண்டாவது தூங்கும். "இங்கிருந்து ஆரம்பி" என்று ஓர் இடத்தை மெமரியில் எழுதி வைத்து, முதல் கோர் அதைத் தட்டி எழுப்ப வேண்டும். இப்படி எழுப்பிவிடும் பூட்லோடர் புரோகிராமை எழுதியவள் இவள்தான். முதல் கோர் எழுதுகிறது, தட்டுகிறது. திரையோ கறுப்பாகவே நிற்கிறது.

"டீபக்கரைக் கழட்டிட்டு ஒரு தடவையாச்சும் ஓட்டிப் பாத்தியாம்மா?"

திருதிருவென்று விழித்தாள். "இல்லண்ணா... ஆபீஸ்ல அது எப்பவும் மாட்டியேதான கீது."

அடக் கடவுளே! எங்கள் லேபின் பழக்கம் அது. தப்பு கண்டுபிடிக்க உதவும் அந்தப் பெட்டியின் ஒயரைப் போர்டிலிருந்து யாரும் கழற்றவே மாட்டோம். அது போர்டை நிறுத்தி ஓடவிடும்போதெல்லாம், முதல் கோர் எழுதியதை மெமரிக்குத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. ஓட்டலில் அந்தப் பெட்டி இல்லை. முதல் கோர் எழுதியது கேஷ் என்கிற அதனுடைய சொந்தக் குட்டி நினைவகத்திலேயே, சட்டைப்பையில் வைத்த மாதிரி, தங்கிவிட்டது. கண் விழித்த இரண்டாவது கோர் மெமரியைப் பார்க்கிறது. அங்கே ஒன்றும் இல்லை. திரும்பத் தூங்கிவிடுகிறது.

எழுதியதை மெமரிக்குத் தள்ளும் வரியைச் சேர்க்கச் சொன்னேன். மடமடவென்று அடித்தாள். போர்டை அணைத்துவிட்டு மறுபடி போட்டோம். திரையில் பச்சைக் கோடு துள்ளியது. "அண்ணா!" என்று கத்தியே விட்டாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "டீம்ல டெய்லி உங்களப் பத்திதாண்ணா பேசிக்கினு இருந்தோம். போன் பண்ணா உங்களுக்குக் கஷ்டமா இருக்குமோன்னுதான் யாரும் பண்ணல."

இத்தனை நாள் இவர்கள் என்னை நினைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். அதில் ஒரு வார்த்தைகூட என்னிடம் வந்து சேரவில்லை.

வாசலில் கார் சத்தம் கேட்டது. என்னை அனுப்பிய மேனேஜர், கிளையன்ட்டுகளோடு உள்ளே வந்தார். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கமாக நழுவப் பார்த்தேன். அவள் விடவில்லை. தன் வேலையே ஊசலாடுகிற நேரத்தில், எல்லார் முன்னாலும், "சார், காலைல வரைக்கும் இது ஓடல. எனக்குத் தெரியல. அண்ணன்தான் வந்து சரி பண்ணாரு" என்று சொன்னாள். மேனேஜர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வந்திருந்த வெள்ளைக்காரப் பெரியவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அவள் வேலை தப்பியது. என் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அதைக் கேட்கவும் இல்லை. ஆனால் வேலை போன பிறகு, என்னை ஒரு மனுஷனாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வண்டி ஓட்டியது அன்றைக்குத்தான். ஹெல்மெட்டுக்குள் அழுதுகொண்டே வந்தேன்.

இப்போதெல்லாம் தெரிந்தவர் யாருக்காவது வேலை போய்விட்டது என்று காதில் விழுந்தால், என்ன பேசுவது என்று தெரியாவிட்டாலும் உடனே போன் போட்டுவிடுகிறேன். அவர்மேல் எனக்கிருக்கும் அக்கறை என் சட்டைப்பையிலேயே கிடந்தால், அவருக்கு அது இல்லாத மாதிரிதானே.