எர்லிந்தா இழுத்த இழுப்பு

ஏழு. இந்த நம்பர ஞாபகம் வச்சுக்கங்க. மெக்சிகோவுல குவாதலஹாரா ஊர்ல, கல்யாணத்துக்கும் கடைக்கும் போய்ப் பாடுற மரியாச்சி பாட்டுக் குழு ஒண்ணு; எர்லிந்தா பாடுற அந்தக் குழுவுல மொத்தம் ஏழு பேர். அதுல டிரம்பெட்காரன் மட்டும் போயிட்டா, ஒரு கல்யாணத்துக்குக்கூட எவனும் கூப்பிட மாட்டான்.

அந்த டிரம்பெட்காரன் ஃபிதென்சியோ போயிட்டான். குழுவ விட்டு இல்ல, எர்லிந்தாவ விட்டு. இத்தன வருஷம் ஒரே வீட்டுல குடித்தனம் நடத்திட்டு, முடி வெட்டுற நோயெமி வீட்டுக்கு மூட்டையத் தூக்கிட்டான்.

குழு கூடிப் பேசுச்சு. பெரிய கித்தார் வாசிக்கிற சாபாஸ் கேட்டாரு: "அவனக் கழட்டி விட்டுறலாமா, தாயி?"

"என் வீட்டுலதான் அவனுக்கு இடமில்ல. குழு வரிசையில இருக்கு. நீ ஊதுவியா டிரம்பெட்டு?"

"எனக்குப் பல்லே பாதிதான் இருக்கு."

"அப்ப வாய மூடு."

பேச்சு வீராப்புதான். ஆனா அன்னையில இருந்து அவ பிரிவுப் பாட்டே எடுக்கல. பொறந்தநாள் பாட்டா பாடி ஒப்பேத்துனா. காதல் போன பாட்டுதான் இவங்க சோறு. கேக்கிறவன் அழலாம், பாடுறவ அழக்கூடாது. நடுப் பாட்டுல இவ குரல் உடைஞ்சா குழு காலி. எல்லாருக்கும் அந்தப் பயம்தான்.

ஒரு ஞாயித்துக்கெழம மத்தியானம், ஆட்டுக்கறிச் சாப்பாட்டுக் கடையில குழு பாடிட்டிருந்துச்சு. நோயெமி தனியா வந்து முன் மேசையில உக்காந்தா.

"ஒரு பிரிவுப் பாட்டு பாடு. போனவன் விளங்கவே கூடாது."

"யாருக்கு?"

நோயெமி தாடையால டிரம்பெட்டக் காட்டுனா. "நேத்து பூக்கடைக்காரி வீட்டுக்குப் போயிட்டான். என் வீட்டுல மூட்டையக்கூட அவுக்கல, அக்கா."

காசு குடுத்துக் கேட்ட பாட்ட மரியாச்சி மறுக்கக்கூடாது. சாபாஸ் காதுல கிசுகிசுத்தாரு: "நான் வேணா வயித்துவலின்னு விழுந்துறட்டா?"

"விழாத. கித்தார் உடையும்."

எர்லிந்தா பாடுனா. அந்தப் பாட்டுல கடைசி வார்த்தைய அவ விடுற வரைக்கும் டிரம்பெட்காரன் மூச்சப் புடிச்சிட்டு டிரம்பெட்ட உதட்டுல வச்சபடியே நிக்கணும். எர்லிந்தா அவன் பக்கம் திரும்பி நின்னு இழுத்தா. அவன் மூஞ்சி தக்காளி ஆச்சு. இன்னும் இழுத்தா. மேசைக்கு மேசை "அய் அய் அய்"னு கூவுனாங்க. அதுல நோயெமி கூவல்தான் உச்சம். அழுகையில ஆரம்பிச்சு சிரிப்புல முடிஞ்சு கூரையில போய் இடிச்சுது. ஒரு வழியா எர்லிந்தா விட்டா. டிரம்பெட்டுல இருந்து கன்னுக்குட்டி கத்துச்சு. கடையே சிரிச்சு உருண்டுச்சு. அவ குரல் உடையல.

எர்லிந்தா வேர்வையத் தொடச்சிட்டு நோயெமி பக்கத்துல போய் உக்காந்தா. "தொண்ட இருக்கே உனக்கு. கித்தார் தெரியுமா?"

"எங்கப்பா கத்துக் குடுத்திருக்காரு."

"புதன்கெழம ஒத்திகைக்கு வா. கத்திரியும் கொண்டா, எங்களுக்கு முடி வெட்டணும்."

"அவனுக்குமா?"

"அவனுக்கு மொட்ட."

ஃபிதென்சியோ மெதுவா வந்து நின்னான். "நான் இருக்கட்டுமா, போகட்டுமா?"

"ஊது. அடுத்த மேசையில கூப்பிடுறாங்க."

இப்ப குழுவுல எட்டுப் பேர்.