அப்பா தூக்கிய பை

கோல்ஃப் ஆட்டத்தைத் தொழிலாக எடுத்துக்கொண்ட முதல் வருடத்தின் பாதிக்குள் குருவி எட்டுப் போட்டிகளில் ஆடியிருந்தாள். எட்டிலும் இரண்டாம் நாள் சாயங்காலமே பெட்டியைக் கட்டினாள். நாலு நாள் போட்டியில் முதல் இரண்டு நாள் சுமாராக ஆடினவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்; அதற்குக் 'கட்' என்று பெயர். அதைத் தாண்டினால்தான் மீதி இரண்டு நாள் ஆட முடியும். அவளுக்கு வயது இருபத்திரண்டு. ஒல்லி உடம்பும் விடுவிடு நடையும் பார்த்து வீட்டில் வைத்த செல்லப் பெயர்தான் குருவி; மைதானங்களிலும் அதுவே ஒட்டிக்கொண்டது.

மட்டைப் பையைத் தூக்கியது அப்பா. அவர் லிஃப்ட் மெக்கானிக். தனியாக ஆள் வைத்துக்கொள்ள வசதி இல்லை. அதோடு, மகளை முதன்முதலில் மைதானத்துக்குக் கூட்டிப்போனவரும் அவர்தான். வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஒவ்வொரு போட்டிக்கும் வந்தார். பதினைந்து கிலோ பை. பதினெட்டுக் குழி. கிட்டத்தட்ட பத்து கிலோமீட்டர் நடை.

அதிலெல்லாம் குருவிக்கு ஒரு குறையும் இல்லை. அவர் பேச்சுதான் தாங்கவில்லை.

"தோளை இறக்கு. மூச்சை விடு. காத்து இந்தப் பக்கம் அடிக்குது, பாத்தியா? தலையைத் தூக்கிடாதே. போன குழியில தூக்கினே, அதான் போச்சு. சரி, அதை மறந்துடு."

மறந்துடு என்று அவர் சொல்லும்போதுதான் அவளுக்கு ஞாபகமே வரும். ஆள் உயரத் தூரத்தில் கிடக்கும் பந்தைக் குழிக்குள் உருட்டி விடுவது எட்டு வயதிலேயே அவளுக்குக் கைவந்த வேலை. இப்போதோ, அப்பா பின்னால் நின்று மூச்சைப் பிடிப்பது காதில் விழுந்தால் போதும், கை உதறிவிடும்.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது? அம்மாவிடம்தான் ஃபோனில் அழுதாள். அம்மா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள்.

"நீயே அவர்கிட்ட சொல்லு. நான் நடுவுல வரமாட்டேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

ஒன்பதாவது போட்டிக்கு முந்தின நாள், பயிற்சி ஆட்டம் முடிந்து காருக்கு வந்தார்கள். அப்பா தண்ணீர் வாங்கப் போனார். புதுக் கையுறை தேடிப் பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்த குருவியின் கையில் ஒரு வலி மருந்து டியூப் அகப்பட்டது. அடிவரை சுருட்டிப் பிழிந்த டியூப். அதன் கீழே இன்னும் இரண்டு. கூடவே முழங்காலுக்குப் போடும் பட்டை.

அப்பா திரும்பி வந்தார். அவர் நடையை அப்போதுதான் அவள் ஒழுங்காகப் பார்த்தாள். இடது கால் லேசாக இழுத்தது.

"என்னப்பா இது?"

அப்பா பாட்டில் மூடியைத் திருகினார். மூடினார். மறுபடி திருகினார்.

"லேசா வலி. அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"எத்தனை நாளா?"

"மூணாவது போட்டியிலருந்து. நான் பக்கத்துல இருந்தாதானே உனக்குத் தைரியம்? அதான் பல்லைக் கடிச்சிக்கிட்டு வந்துட்டேன்."

குருவி டியூபைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். இப்போது விட்டால் இனி எப்போதும் வாய் வராது.

"அப்பா, கோச்சுக்கக் கூடாது. நீங்க பேசப் பேச எனக்குக் கை ஆடுதுப்பா. நாளைக்கு நான் தனியா ஆடிப் பாக்கட்டுமா?"

அவர் காரின் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தார். முகத்தைப் பார்க்கப் பயந்து அவள் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏதோ சத்தம் கேட்டது. அழுகிறாரோ என்று நிமிர்ந்தால், மனிதர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பாடா! நாளைக்குக் காலைல அந்தப் பையை எப்படித் தூக்கப் போறேன்னு நானே நடுங்கிட்டிருந்தேன். வலி தெரியாம இருக்கத்தான் ஓயாம பேசிக்கிட்டே வந்தேன். உங்கம்மாகிட்ட புலம்பினா, 'நீங்களே அவகிட்ட சொல்லிக்குங்க'ன்னுட்டா."

"என்கிட்டயும் அதையேதாம்பா சொன்னாங்க!"

"பாத்தியா! ரெண்டு பேர் ரகசியத்தையும் வெச்சுக்கிட்டு வாயே திறக்கல, கெட்டிக்காரி!"

மறுநாள் குருவி இரண்டு சக்கரத் தள்ளுவண்டியில் பையை வைத்துத் தானே இழுத்துக்கொண்டு போனாள். அப்பா, பார்வையாளர்களுக்காகக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம், மடக்கு நாற்காலியோடு. முதல் நாள் சுமாராகப் போயிற்று. இரண்டாம் நாள் கடைசிக் குழியை நாலே அடியில் முடித்தால் 'கட்'டைத் தாண்ட வழி உண்டு என்று ஸ்கோர் பலகை சொன்னது. குழிக்கு முன்னால் ஒரு குளம். அப்பா பக்கத்தில் இருந்திருந்தால், "தூக்கி அடி, தாண்டிடும்" என்றிருப்பார். அவள் நிதானமாக யோசித்தாள். இரண்டாவது அடியில் பந்தைக் குளத்துக்கு இந்தப் பக்கமே நிறுத்தி, மூன்றாவதில் குளத்தைத் தாண்டவிட்டாள். மிச்சம் ஆள் உயரத் தூரம். கை ஆடவில்லை. பந்து உள்ளே விழுந்தது.

அதற்குப் பிறகுதான் பெரிய அவஸ்தை. மத்தியானம் ஆடுகிறவர்கள் எல்லாரும் முடிக்கும்வரை எதுவும் நிச்சயமில்லை. இரண்டரை மணி நேரம் கேன்டீனுக்கும் பலகைக்கும் அலைந்தாள். கடைசி எண்ணும் ஏறியபோது அவள் சரியாகக் 'கட்' கோட்டின் மேல் நின்றாள். ஒரு அடி கூடியிருந்தாலும் வீடுதான்.

அப்பா கேன்டீன் நாற்காலியில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். தோளைத் தொட்டாள்.

"என்னம்மா, கிளம்பணுமா?"

"இல்லப்பா. நாளைக்கும் ஆடணும்."

அவர் சட்டென்று எழுந்து, முழங்கால் நினைவு வந்து, மறுபடி உட்கார்ந்தார். அம்மாவுக்கு ஃபோன் போட்டார்கள். அவள் யாருக்கோ கண் பரிசோதித்துக்கொண்டிருந்தாள் போல. "சார், ஒரு நிமிஷம், அந்தக் கடைசி வரியைப் படிச்சிக்கிட்டே இருங்க" என்றவள், விஷயம் கேட்டதும் போட்ட கூச்சலில் அந்த மனிதர் பயந்திருக்க வேண்டும்.

அந்தப் போட்டியில் குருவி நாற்பத்தி நாலாவது இடம். கோப்பை ஒன்றும் இல்லை. அடுத்த ஆறு போட்டிகளில் மூன்றில் 'கட்'டைத் தாண்டினாள். ஆறு மாதம் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை, யாரும் கேட்காமலேயே எல்லாரிடமும் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார் அப்பா. வருடக் கடைசியில், மறு வருடமும் ஆட உரிமை பெற்றவர்களின் பட்டியல் வந்தது. கீழிருந்து மூன்றாவதாக அவள் பெயர். அதை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, போர்வையை இழுத்துக்கொண்டு மத்தியானம் வரை தூங்கினாள்.