செக்கர் வீட்டு மோட்டார்

பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்க்கும் அவர் மனிதர்களை இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருந்தார்: மாட்டிக்கொண்டவர்கள், இன்னும் மாட்டாதவர்கள். தெருவில் அவருக்குச் செக்கர் என்றே பெயர். கோபப்படுவது அவர் உத்தியோகத்தின் ஒரு பகுதி. விடுமுறை நாளிலும் அந்த ஒரு வேலையை மட்டும் விடாமல் செய்கிறார் என்பதுதான் வீட்டாரின் குறை.

வீட்டை இரண்டாகத் தடுத்திருந்தார்கள். முன்பாதி செக்கருக்கு, பின்பாதி தம்பிக்கு. தம்பி மனைவி துணிக்குச் சாயம் போட்டுக் கொடுப்பவள். தண்ணீர் இல்லாவிட்டால் அவளுக்குப் பிழைப்பு இல்லை. அறைகளைப் பிரித்தவர்களால் கிணற்றைப் பிரிக்க முடியவில்லை. அதற்குள் இறக்கியிருந்த மோட்டாரும் ஒன்றுதான். எந்த வீட்டில் குழாயைத் திறந்தாலும் தானாக ஓடும். மூடினால் தானாக நிற்கும்.

சில வாரங்களாக அது நேரங்கெட்ட நேரத்தில் ஓடத் தொடங்கியது. செக்கர் சோற்றில் கை வைத்தால் ‘டக்’. பேப்பரை விரித்தால் ‘டக்’. இவர் வீட்டுக் குழாய்கள் எல்லாம் மூடியே இருக்கும். திறந்தாலோ, தண்ணீருக்கு முன்னால் காற்று வந்து இருமும். பின்வீட்டில் உறிஞ்சுகிறார்கள் என்று தீர்ப்பாகிவிட்டது.

“மோட்டார்ல ஏதோ கோளாறுங்க. பிளம்பரக் கூப்பிட்டுக் காட்டுங்க” என்றாள் அவர் மனைவி.

“கோளாறு மோட்டார்ல இல்லடி, ஆளுங்ககிட்ட” என்றவர், போய்ப் பின்வீட்டுக் கதவைத் தட்டினார்.

தம்பி சத்தியம் செய்யாத குறைதான். “அண்ணே, ஆர்டர் இருந்தாத்தான் தண்ணி நிறையச் செலவாகும். இப்ப எல்லாக் குழாயும் மூடித்தான் இருக்கு. உள்ள வந்து பாருங்களேன்.”

“டிக்கெட் எடுக்காதவன்தான்டா முதல்ல ‘சோதிச்சுப் பாருங்க’ம்பான். நான் பாக்காத ஆளா?”

மறுநாள் காலை, பின்வீட்டுக்குப் போகும் குழாயின் வால்வைத் திருகி மூடினார். சொல்லிவிட்டுச் செய்தால் திருடன் உஷாராகிவிடுவான் என்பது அவர் தொழில் தர்மம். அந்த நேரம் பார்த்துப் பின்வீட்டில் ஒரு நாடகக் குழுவின் திரைத்துணி நீலச் சாயத்திலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் தம்பி மனைவி வந்தாள். முழங்கை வரை நீலம். ஈரத்துணியைச் செக்கரின் வாசலில் தொப்பென்று போட்டாள்.

“பாருங்க மாமா, நல்லாப் பாருங்க. அலசத் தண்ணியில்லாம திட்டுத்திட்டா நிக்குது. இத எவன் வாங்குவான்?”

“நீங்க திருடாம இருந்தா நான் ஏம்மா...”

‘டக்.’

மோட்டார் ஓடியது. பின்வீட்டு வால்வு மூடிக் கிடக்கிறது. செக்கர் சமையலறைப் பக்கம் திரும்பினார். அவர் மனைவி இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள்.

“நான் எதையும் தொடல சாமி.”

“இப்ப திருடுறது யாரு மாமா? சொல்லுங்க, எல்லாரும் போய்ப் பிடிப்போம்!” தம்பி மனைவியின் குரல் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

செக்கர் கிணற்றுக்கு ஓடி எட்டிப் பார்த்தார். உள்ளே இறங்கும் குழாயின் இணைப்பு ஒன்று வெடித்திருந்தது. ஏற்றிய தண்ணீர் அந்த வெடிப்பு வழியே கிணற்றுக்குள்ளேயே பீய்ச்சிக்கொண்டிருந்தது. குழாயில் அழுத்தம் குறையும்போதெல்லாம், எங்கோ யாரோ திறந்துவிட்டதாக நினைத்து மோட்டார் ஓடியிருக்கிறது. இருமிய காற்றும் அந்த வெடிப்பு வழியாகத்தான் நுழைந்தது. மோட்டாரும் செக்கரும் ஒரே மாதிரி ஏமாந்திருந்தார்கள். மோட்டாராவது யாரையும் திட்டவில்லை.

ஆள் அகப்படாத குற்றம் அவர் கோபத்தை இரண்டு மடங்காக்கியது. பின்னாலேயே வந்த தம்பியின் மேல் பாய்ந்தார். “இத முன்னாடியே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?”

“எங்க குழாயெல்லாம் மூடித்தான் இருக்குன்னு சொன்னேன்ணே. நீங்க டிக்கெட் கேட்டீங்க.”

பிளம்பர் வந்து இணைப்பை மாற்றினார். மோட்டார் அடங்கியது. செக்கர் தம் கையாலேயே வால்வைத் திறந்துவிட்டார். மன்னிப்பு என்று அவரிடம் இருந்தது அவ்வளவுதான். தம்பி மனைவிக்கு அது போதவில்லை.

“பிளம்பரே, அந்த வால்வைக் கழட்டிட்டு வெறும் பைப்பா போட்டுடுங்க. யார் கையும் எங்க தண்ணி மேல இருக்க வேணாம்.”

பிளம்பர் செக்கரைப் பார்த்தார். செக்கரின் கழுத்து நரம்பு புடைத்தது.

“கழட்டுங்க” என்றது செக்கர் வீட்டுச் சமையலறையிலிருந்து வந்த குரல்.

பிளம்பர் ஸ்பேனரை எடுத்தார். செக்கர் சட்டையை மாட்டிக்கொண்டு, எதுவும் சாப்பிடாமல், விறுவிறுவென்று வேலைக்குக் கிளம்பினார். அன்றைக்கு அவர் ஏறிய பேருந்துகளில் இருந்தவர்கள் பாவம்.