கக்கத்தில் ஒரு மடிப்பு

அந்தத் தெருவில் தையல்காரருக்கு 'மூணாவது' என்று பெயர். கடலிலிருந்து எழுந்து வந்து அட்டகாசம் செய்யும் ராட்சத முதலைப் படங்கள் பதினொன்று வந்துவிட்டன. அவற்றில் மூன்றாவது மட்டும்தான் படம் என்பது அவர் கட்சி. கதையைப் பற்றி அவருக்கு அக்கறை கிடையாது. முதலைக்குள் ஒரு மனிதன் நிற்கிறான், அவன் மேல் ஒரு உடுப்பு இருக்கிறது, அதை எவனோ தைத்திருக்கிறான். அவர் பார்த்ததெல்லாம் அந்தத் தையலைத்தான்.

"முதல் பாகத்துல முதுகு ஜிப்பு பல்லைக் காட்டுது," என்பார், வாயில் குண்டூசியோடு. "ரெண்டாவதுல தோள் இறங்கிப்போச்சு. அண்ணன் சட்டையைத் தம்பி மாட்டின மாதிரி. நாலாவதைப் பேச்சுலயே சேர்க்காதீங்க." எட்டுக்குப் பிறகு வந்தவை கம்ப்யூட்டரில் செய்தவை. "உள்ள ஆளே இல்ல. யாருக்கு அளவெடுக்கிறது?"

மூன்றாவதில் ஒரு சுருக்கம் இருக்காது. தோளிலிருந்து இடுப்புவரை இஸ்திரி போட்டது போல இறங்கும்.

அவர் அடியோடு வெறுத்தது ஐந்தாவதை. எதிரியை வீழ்த்திவிட்டு முதலை இரண்டு கையையும் தூக்கிக் குதித்து ஆடும். "கக்கத்துல ரெண்டு சாக்குமூட்டை தொங்குது. அவன் கையில ஊசியைக் கொடுத்ததே தப்பு." அந்த ஐந்தாவதுதான் அவர் தங்கை கணவரான பேக்கரிக்காரருக்கு உயிர். இந்த ஒரு காரணத்துக்காகவே தங்கையைத் தப்பான இடத்தில் கொடுத்துவிட்டதாகத் தையல்காரர் நினைத்தார். தங்கையிடமே சொல்லவும் செய்தார்.

பேக்கரிக்காரர் இரண்டாவது கடை திறக்கப்போகும் சமயத்தில் வந்து நின்றார்.

"மச்சான், திறப்பு அன்னைக்கு நானே முதலையா வாசல்ல நின்னு பிள்ளைங்களுக்குக் கை காட்டப்போறேன். உலகத்துல இருக்கிற முதலைக்கெல்லாம் குறை சொல்றீங்களே, நீங்க ஒண்ணு தைங்க பார்ப்போம்."

கடையில் வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். இத்தனை காலம் வாயால் தைத்ததை இனிக் கையால் தைத்துக் காட்டியாக வேண்டும். இல்லையென்றால் அந்தத் தெருவில் அவர் ஒரு சட்டையைக்கூடக் குறை சொல்ல முடியாது.

"நேரா நில்லு மாப்ளே," என்று அளவு நாடாவை உருவினார். "வயித்தை எக்காதே. உன் கடைக்கு அதைவிட விளம்பரம் எது?"

விரல் தடிமனில் ஸ்பாஞ்ச் ஷீட் வந்தது. ஒரு நூல் தளர்ச்சி விடாமல் வெட்டினார். பக்கத்தில் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"என்னங்க, கக்கத்துல கொஞ்சம் விடுங்க. தடிச்ச ஷீட்டு, மடங்க இடம் வேணும்ல?"

"மூணாவதுல விட்டானா?"

"மூணாவதுல அது கையைத் தூக்குச்சா?"

"நீ காஜாவைப் பாரு."

திறப்பு நாளன்று தெரு வாயைப் பிளந்தது. உடுப்பில் சுருக்கம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஐந்தாம் பாகத்தைத் தைத்தவன் வந்து பார்க்கவில்லையே என்ற முகத்தோடு தையல்காரர் கைகட்டி நின்றார். முதலை கை காட்டப் பார்த்தது. கை எழும்பவில்லை. ரிப்பன் வெட்டக் கத்தரியை நீட்டினார்கள். வாங்குவதற்காகக் குனியப்போய், மரக்கட்டை போல அப்படியே சாய்ந்து விழுந்தது. வால் மட்டும் ஆடியது. முதலில் ஒரு குழந்தை சிரித்தது, பிறகு தெருவே சிரித்தது.

"மச்சான், தூக்குங்க! ஒண்ணும் மடங்க மாட்டேங்குது!"

"உன்னை யாரு குனியச் சொன்னது? மூணாவதுல அது குனியவே குனியாது."

"எப்படிக் குனியும்?" என்றார் தையல்காரரின் மனைவி. "படம் முழுக்க அது இடுப்பளவு தண்ணியில நின்னு நெருப்பை ஊதிக்கிட்டு இருக்கு. ஒரு தடவை கரைக்கு வந்துச்சா?"

தையல்காரர் படத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. ரிப்பன் கத்தரியைப் பிடுங்கி, கிடந்த முதலையின் இரண்டு கக்கத்தையும் கிழித்தார். மனைவி பையைத் திறந்து இரண்டு முக்கோணத் துண்டுகளை நீட்டினார். கணவர் ஸ்பாஞ்ச் வெட்டிய அன்றே வெட்டி வைத்திருந்தவை. தையல்காரர் தன் காலர் மடிப்பில் செருகியிருந்த ஊசியை எடுத்து, தரையில் உட்கார்ந்து தைத்தார்.

நாலு பேர் தூக்கிவிட, முதலை எழுந்தது. இரண்டு கையையும் தூக்கிக் குதித்து ஆடியது. கக்கத்தில் இரண்டு சாக்குமூட்டை தொங்கின. குழந்தைகள் கூச்சல் போட்டார்கள். தையல்காரர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, தையல் பிரிகிறதா என்று பார்த்தார்.

அடுத்த வாரம் ஒரு வாடிக்கையாளர் வழக்கம்போல மூன்றாவதைப் பற்றி எடுத்துக்கொடுத்தார்.

"அதெல்லாம் ஒரு படமா?" என்றார் தையல்காரர். "தண்ணியில நிக்க வெச்சா எவன் தைச்சதும் நல்லாத்தான் தெரியும். ஏமாத்துக்காரன்."

ஐந்தாவதைப் பற்றிக் கேட்டால் மட்டும், வாயில் குண்டூசி இருப்பதாகச் சைகை காட்டுவார். இருக்காது.