கிளைவ் கழுவாத கொம்பு

ஊதி முடித்ததும் கிளைவ் ஓல்ட்ராய்ட் கொம்பைத் தலைகீழாகச் சாய்த்து, ஈரம் வடிக்கும் சாவியை அழுத்திப் பலமாக ஒரு ஊது ஊதுவார். குழாயில் தேங்கியதெல்லாம் பேண்டு அறையின் மரத்தரையில் விழும். அதைப் பூட்ஸால் தேய்த்துவிட்டு, வாய் வைக்கும் இடத்தைக் கம்பளிச் சட்டையின் கையில் துடைத்து, பக்கத்து நாற்காலியில் இருக்கும் என் கணவர் லெஸ்லியிடம் நீட்டுவார். தேநீர்த் தட்டோடு நின்று இதைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

யார்க்‌ஷயரில் எங்கள் ஊர் பேண்டுக்கு ட்ரம்பெட் மாதிரியான பித்தளை ஃப்ளூகல் கொம்பு ஒன்றுதான். ஊதத் தெரிந்தவர்கள் இருவர். நிலக்கரிச் சுரங்கத்தில் ஒரே ஷிஃப்டில் இருந்தவர்கள். சுரங்கத்தை மூடிவிட்டார்கள், தூசி மட்டும் இருவர் நெஞ்சிலும் தங்கிவிட்டது.

கிளைவுக்கு இருமல் வந்தால் கூச்சமே கிடையாது. ஜன்னலைப் பிடித்துக்கொண்டு ஆசை தீர இருமி, கைக்குட்டையை விரித்துப் பார்த்து, "இன்னிக்குப் பச்சை" என்று வானிலை அறிக்கை போலச் சொல்வார். அதே கைக்குட்டையால் கொம்பின் வெளிப்புறத்தை முகம் தெரிய மினுக்குவார். உள்ளே மட்டும் சொட்டுத் தண்ணீர் படக் கூடாது.

"உள்ள இருக்குற அழுக்குலதான்டா சத்தத்துக்கே இனிப்பு. கழுவுனா தகர டப்பா மாதிரி கத்தும்."

கிளைவ் காய்ச்சலில் படுத்து எழுந்தால் அடுத்து லெஸ்லி படுப்பார். போன குளிர்காலத்தில் லெஸ்லியை இரண்டு முறை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சளியில் ஒரு கிருமி இருக்கிறது, நல்ல நெஞ்சில் அது தங்காது, கெட்டுப்போன நுரையீரலில்தான் குடியேறும், பிறகு லேசில் கிளம்பாது என்றாள் நர்ஸ். இருமலில் பரவும், கையில் பரவும், வாய் வைத்ததை வாங்கி வாய் வைத்தால் பரவும். இன்னொரு தடவை வந்தால் லெஸ்லிக்கு வீட்டிலேயே ஆக்சிஜன்தான். கொம்பை மறந்துவிட வேண்டியதுதான்.

கிருமியின் பெயரைக் கேட்டதும் கிளைவுக்கு ஒரே சந்தோஷம்.

"அட, எனக்கும் அதேதான்டா! ரெண்டு பேருக்கும் ஒரே பூச்சின்னா அப்புறம் என்ன பயம்?"

லெஸ்லியும் சிரித்தார். இந்த ஆண்களை என்ன செய்வது?

நான் சின்ன வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. ஆனாலும் போன வியாழக்கிழமை தட்டை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னேன்.

"கிளைவ், அதைக் கழுவித் தாங்க. இல்லேன்னா லெஸ்லி ஊதமாட்டார்."

லெஸ்லி தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேசாமடந்தை பேசிருச்சுடோய்! ஏம்மா மொரீன், நான் என்ன பிளேக் எலியா?"

"அப்படிச் சொல்லல. இன்னொரு தடவை வந்தா இவருக்குத் தாங்காது."

"சுரங்கத்துல என் பாட்டில்ல தண்ணி குடிச்சவன்மா இவன்!"

"அப்ப இவருக்கு நெஞ்சு நல்லா இருந்துச்சு."

கிளைவ் கொம்பைப் பெட்டியில் வைத்து மூடி, தேநீரைத் தொடாமல் போய்விட்டார். அன்று முழுக்க லெஸ்லியும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இன்று காலை எங்கள் வீட்டு கேட்டில் கிளைவ் நின்றார். கையில் கொம்பு. விரல்களெல்லாம் சோப்பு நீரில் ஊறிச் சுருங்கியிருந்தன.

"பிரஷ் விட்டுத் தேச்சேன். ரெண்டு தரம் தண்ணி மாத்துனேன். என்னென்ன வந்துச்சுன்னு மட்டும் கேட்காத. இனி ஒவ்வொரு தடவையும் கழுவித்தான் தருவேன், போதுமா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனுஷனைப் போய் வைதோமே என்று இரண்டு கையையும் நீட்டினேன்.

"இரும்மா, இரு" என்று கொம்பைத் தன் பக்கம் இழுத்து, உதட்டில் வைத்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி நீளமாக ஊதினார். இருமினார். அப்புறம் நீட்டினார்.

"பாரு, சத்தம் கெடல. இந்தா, புடி."

லெஸ்லி உதட்டைத் துடைத்துக்கொண்டு சமையலறையில் காத்திருக்கிறார். கொம்பு எங்கள் குளியல் தொட்டியில் மறுபடியும் சோப்பு நீரில் ஊறிக்கொண்டிருக்கிறது.